பதினேழு கட்டம்

ஜன்னலோர இருக்கை என்னுடையது. டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது, பாருங்கள். இல்லையில்லை, எழுந்திருக்க வேண்டாம், நீங்களே உட்காருங்கள். உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்தால் போதும். உட்காருவது யாராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

பெட்டி என் மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் குலுங்கும். உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது. மடிக்கிற ஜாதி இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் செய்தது. டிவியில் செருகி, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஓட்டுகிற கம்ப்யூட்டர். அந்த கேசட் என் சட்டைப் பையில் இருக்கிறது. உலகத்திலேயே மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். தொடாதீர்கள்.

கோபமாக இருக்கிறேனா? ஆமாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். என் மனைவி சொன்னாள், "ட்ரெயின்ல யாராச்சும் அப்பாவி சிக்குவாரு, அவருகிட்டச் சொல்லிக்கங்க, என்னைய விடுங்க" என்று. அச்சடித்த மாதிரி பேசுகிறேன் என்றும் அவள்தான் சொல்வாள். பேசுகிறபோது ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவனுக்கு இந்த நாட்டில் அப்படி ஒரு பட்டம்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அச்சகமா? ராஜ வீதியிலா? கல்யாணப் பத்திரிகை. நல்லது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்திலிருந்தே இருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்கு எழுத்து எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று நினைப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று சாயங்காலம் நாலு மணிக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் கண்காட்சி. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தேடி எடுத்துச் சுவரில் பெரிய திரையில் ஓட்டிக் காட்டுகிறார்களாம். அதில் ஒன்று ஆடு புலி. மூன்று புலி, பதினைந்து ஆடு, கோயில் கல்லில் கோடு போட்டு ஆடுவோமே, அதே ஆட்டம். புலி ஆட்டை வெட்டும், ஆடு புலியை நகர விடாமல் கட்டும். கம்ப்யூட்டர் புலி, நாம் ஆடு. அதைச் செய்தது நான். ஆனால் அங்கே ஓடப்போவது நான் செய்தது இல்லை. வேறு ஒன்று. அதை நிறுத்திவிட்டு, உண்மையான கேசட்டை ஓட்ட வேண்டும். எந்த கேசட் விற்றதோ அதுதானே உண்மையானது? முதல் திரையில் யார் பெயர் வருகிறதோ அவன்தானே செய்தவன்? இதைச் சொல்லத்தான் போகிறேன்.

இந்தப் பேப்பரைப் படியுங்கள். கண்ணாடி பைக்குள் எங்கேயோ கிடக்கிறதா? சரி, தேடுங்கள். அதுவரை நான் வாய்ப்பாடமாகவே சொல்கிறேன். ஓய்வு பெற்ற கணித ஆசிரியை மங்கையர்க்கரசி அவர்கள் தன் பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து மீட்டுத் தந்த விளையாட்டு. மீட்டுத் தந்த! கிணற்றில் விழுந்த குழந்தையா அது? அதற்குக் கீழே அவள் பேட்டி. "விற்பனைக்குப் போன கேசட்டில் கடைசி நேரத்தில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. யார் செய்தது என்பது முக்கியமில்லை."

முக்கியமில்லையாம்! திருடன் யார் என்பது முக்கியமில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னால் எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்? பக்கத்தில் நிற்கிறவனைத்தானே? விளையாட்டு எழுதிய அறையில் இருந்ததே இரண்டு பேர்!

திருப்பூர் தாண்டிவிட்டது. சாயா குடிக்கிறீர்களா? நான் குடிப்பதில்லை. நீங்கள் குடியுங்கள், நான் சொல்கிறேன்.

சென்னியப்பன் என்று ஒரு முதலாளி. கோவையில் மோட்டார் பம்ப் செய்தவர். நல்ல பம்ப். பம்ப் செய்கிறவர் பம்ப் செய்துகொண்டிருந்திருக்கலாம். ஊர் உலகமெல்லாம் கம்ப்யூட்டர் என்று பேசுகிறதே என்று, பம்ப் கம்பெனியின் பின்பக்கம் ஒரு அறையைக் காலி செய்து, சில்லுகளை வரவழைத்து, வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் என்று ஆரம்பித்துவிட்டார். குறிஞ்சி நாற்பத்தெட்டு என்று பெயர். நாற்பத்தெட்டு என்பது நினைவகம், நாற்பத்தெட்டு கிலோபைட். இன்றைக்கு உங்கள் போனில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வருகிறதே, அந்தப் பூவின் ஒரு இதழுக்குக்கூட அது போதாது. அதற்குள் நாங்கள் காடு, புலி, ஆடு, பாட்டு எல்லாம் வைத்தோம்.

வைத்தேன்.

நான் பி.ஈ. முதலாளி என்னை "இன்ஜினியரே" என்றுதான் கூப்பிடுவார். விளையாட்டு எழுதுவதுதான் என் வேலை. செங்கல் உடைக்கிறது, பாம்பு இரை தின்கிறது என்று இரண்டு மூன்று செய்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்ஜினியரே, பாம்பு ஆப்பிள் திங்குது. நம்மூர்ல எந்தப் பாம்புங்க ஆப்பிள் திங்குது? நம்ம ஆட்டம் ஒண்ணு போடுங்க. ஆடு புலி போடுங்க. ஜனவரில பொருட்காட்சி, டீலருங்க பூராம் வாராங்க" என்றார். சரியென்று ஆடு புலி செய்தேன். அழகான பலகை, கோடெல்லாம் நூல் பிடித்த மாதிரி. புலியும் நகர்ந்தது.

அப்போது இந்த மங்கையர்க்கரசி டைப் அடிக்கத்தான் வந்தாள். கம்ப்யூட்டரோடு கொடுக்கிற கையேட்டை டைப் அடிக்க. பெருந்துறைப் பக்கம், பி.எஸ்ஸி. கணக்கு. மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் விளையாடிக் காட்டினேன். ஐந்து நிமிஷத்தில் மூன்று புலியையும் கட்டிப்போட்டுவிட்டாள். தூக்கு இன்னும் ஒரு கையில் இருக்கிறது.

"ஏனுங்க சார், உங்க புலி பக்கத்துல ஆடு வந்தாத்தான் எந்திரிக்குமா?" என்றாள்.

"பின்னே?"

"நெசப் புலி மொதல்லயே எந்திரிச்சுப் போயி, ஆடு எங்க வரும்னு நிக்குமுங்க."

டைப் அடிக்க வந்தவள்! வேறு எவனாக இருந்தாலும் வெளியே அனுப்பியிருப்பான். நான் பெருந்தன்மையாக, "அப்படியென்றால் நீயே எழுதிப் பாரம்மா" என்று மெஷின் கோடு புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தேன். மெஷின் கோடு என்றால் கம்ப்யூட்டரோடு அதன் பாஷையிலேயே, வெறும் எண்ணிலேயே பேசுவது. நான் படிக்க ஒரு வருஷம் ஆனது. கிண்டலுக்குத்தான் கொடுத்தேன், ஒளிக்கவில்லை. அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, ஒவ்வொரு பக்கமாக எண் எழுதிக்கொண்டே போனாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஆறு நோட்டு. மூன்று மாதத்தில் ஒரு புலி கொண்டு வந்தாள்.

நல்ல புலி. நான் நியாயஸ்தன், சொல்லிவிடுகிறேன். மிக நல்ல புலி. இரண்டு வாரம் நான் அதனிடம் தோற்றேன். முதலாளி தோற்றார். பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்களெல்லாம் கை கழுவிவிட்டு வந்து தோற்றுவிட்டுப் போனார்கள். எந்தப் பக்கம் வரும் என்றே தெரியாது. ஒரே மாதிரி ஆட்டை வைத்தால் ஒருமுறை இந்தப் பக்கம் போகும், ஒருமுறை அந்தப் பக்கம் போகும். "அம்மிணி, இதுக்கு நெசமாவே உசுரு இருக்குதா?" என்று முதலாளி கேட்டார்.

புலி அவள் எழுதினாள் என்றால் விளையாட்டு அவளுடையதாகிவிடுமா? நீங்களே சொல்லுங்கள். முகப்புத் திரை யார்? நான். பலகை யார்? நான். ஆரம்பத்தில் ஒரு புலி படம் வரும், உடம்பெல்லாம் வரி, மீசை முடி தனித்தனியாக. யார்? அது மட்டுமே ஏழு கிலோபைட். அதற்கு மேல் உறுமல் சத்தம் ஒன்று. அதெல்லாம் வைத்த பிறகு மிச்சம் இருந்த இடத்தில்தான் அவள் புலி இருக்க வேண்டும். இருக்காது என்றாள். "சார், மீசையக் கொஞ்சம் கத்திரிச்சுக்கலாங்களா?" என்றாள். மீசையைக் கத்திரிப்பதாவது! நான் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன், பெரிய எழுத்தில்: ஒரு பைட் இரண்டு வேலை செய்ய வேண்டும். அவளுக்காகத்தான் எழுதினேன். ஒரு இடத்தில் ஓர் எண் இருந்தால் அது ஒரு வேலைக்கு மட்டும் அங்கே உட்கார்ந்து சம்பளம் வாங்கக் கூடாது, இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். சிக்கனம். தினமும் காலையில் அவளை அந்த வரியை வாசிக்கச் சொல்வேன். வாசிப்பாள். கேலியாக இல்லை, உண்மையாகவே வாசித்தாள். அப்படியே செய்தும் காட்டினாள், புலி முழுசாக உள்ளே உட்கார்ந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

ஈரோடு. இங்கேதான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தாளாம். பேப்பரில் போட்டிருக்கிறது. எனக்கு இது வரை தெரியாது. நான் விசாரித்ததில்லை. அவளும் விசாரித்ததில்லை.

முகப்புத் திரைக்கு வருகிறேன். குறிஞ்சி நாற்பத்தெட்டில் ஒரு வரிக்கு முப்பத்திரண்டு கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. ஆங்கிலத்தில்தான் எழுத முடியும். என் பெயர் கனகசபாபதி. முன்னெழுத்து, புள்ளி, இடைவெளி, பட்டம் எல்லாம் சேர்த்தால் இருபத்து மூன்று கட்டம். முப்பத்திரண்டில் இருபத்து மூன்று போனால் ஒன்பது, ஒன்பதை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிக்க முடியாது. அதனால் பி.ஈ.யில் கடைசிப் புள்ளியை எடுத்தேன். இருபத்திரண்டு. இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து. நட்ட நடுவில் நின்றது. அச்சுக்காரர், உங்களுக்கு இந்த அழகு புரியும்.

அதற்குக் கீழே அவள் பெயர். முன்னெழுத்து, புள்ளி, இடைவெளியோடு பதினேழு. மறுபடி ஒற்றைப்படை. நடுவில் நிற்காது. ஒரு கட்டம் சாய்ந்து, சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்ட மாதிரி. "அந்தப் புள்ளியை எடுத்துவிடம்மா" என்றேன். நான் எடுத்துவிட்டேனே!

"அது எங்கப்பா பேருக்குங்க சார். புள்ளிய எடுத்தா எங்கப்பா மொட்டையா நிப்பாரு" என்று சிரித்தாள்.

எடுக்கவில்லை. தினமும் அந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் மண் விழுந்த மாதிரி இருந்தது. மாஸ்டர் கேசட் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. காலையில் முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். அவள் பஸ் இன்னும் வரவில்லை. நான் கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தேன். பிறகு அந்த பதினேழு கட்டத்தையும் காலியாக்கினேன்.

அவ்வளவுதான். அந்த இடத்தில் முப்பத்திரண்டு என்ற எண்ணைப் பதினேழு முறை தட்டினேன். முப்பத்திரண்டு என்றால் கம்ப்யூட்டருக்கு வெற்றிடம். வேறு எதையும் தொடவில்லை. ஒரு கமாவைத் தொடவில்லை.

ஏன் என்றா கேட்கிறீர்கள்? நினைவகம் போதவில்லை. நாற்பத்தெட்டு கிலோபைட்டில் பதினேழு என்பது பதினேழு. ஒவ்வொரு கட்டத்துக்கும் போராட்டம்.

என்ன?

வெற்றிடத்துக்கும் ஒரு ஈயத் துண்டு வைத்துத்தானே ஆக வேண்டும் என்கிறீர்கள். உங்கள் தொழிலில் சரி. எழுத்தை எடுத்தால் அந்த அளவுக்குத் துண்டு வைக்காவிட்டால் வரி ஆடும். ஆமாம், கம்ப்யூட்டரிலும் காலி இடம் ஒரு பைட்தான். கணக்குப் பார்த்தால் மிச்சமானது ஒன்றுமில்லைதான். நான் நினைவகம் என்று சொன்னது பொதுவாக. முக்கியமான காரணம் அது இல்லை. முக்கியமான காரணம் திரையின் அமைதி. அதைவிட முக்கியமான காரணம், அவள் கம்பெனி ஏட்டில் டைப்பிஸ்ட். டைப்பிஸ்ட் பெயரை விளையாட்டில் போட்டால் டீலர்கள் என்ன நினைப்பார்கள்? கம்பெனி மானம் என்று ஒன்று இருக்கிறது. இத்தனை காரணம் இருக்கிறபோது நீங்கள் ஈயத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

ஓட்டிப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. முகப்புத் திரை வந்தது. அழகாக வந்தது. விளையாடிப் பார்க்க நேரமில்லை. முந்தின நாள்தானே விளையாடியிருந்தோம்? ஆள் வாசலில் நிற்கிறான்.

அந்தக் காலத்தில் கேசட்டை இருநூறு பிரதி எடுக்க வேண்டுமென்றால் எங்கே போவது? சினிமாப் பாட்டு பதிந்து கொடுக்கிற கடைதான். கிராஸ்கட் ரோட்டில் ஒருவர். அவருக்கு ஒரு வழக்கம். யார் எந்த கேசட் கொடுத்தாலும் முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு பதிந்துவிட்டுத்தான் மற்றது. இலவசம். கேட்டாலும் நிறுத்த மாட்டார். இருநூறு கேசட்டிலும் பிள்ளையார் பாட்டு! பொருட்காட்சியில் முதலாளி ரிப்பனெல்லாம் வெட்டி, டீலர்கள் வட்டமாக நிற்க, நான் கேசட்டைப் போட்டேன். நான்கு நிமிஷம் பாட்டு. இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் பக்தி கிடையாது, தனக்கு வேண்டிய சத்தம் வரும்வரை சும்மா இருந்தது. பாட்டு முடிந்து தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி புரோகிராம் சத்தம் வந்ததும் செருப்பைக் கழற்றியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். புலி படம் வந்தது, மீசை வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். கீழே என் பெயர். நட்ட நடுவில்.

அவள் அன்றைக்குப் பொருட்காட்சிப் பக்கம் வரவில்லை. ஆபீஸில் கையேடு கட்டிக்கொண்டிருந்தாள். வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன், கூட்டமாக இருக்கும் என்று.

முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூடப் பெண் ஜெயித்தாள். சரி, கெட்டிக்காரப் பெண். அவள் தோழி ஜெயித்தாள். பிறகு ஒரு ஐஸ் விற்கிறவர் ஜெயித்தார். மூன்றாம் நாள் ஜெயிக்காதவனே கிடையாது. புலிக்கு இரண்டு பக்கமும் சமமாக வழி இருந்தால், அது எப்போதும் இடது பக்கமே போகிறது. ஒவ்வொரு முறையும். வலது பக்கம் ஆட்டை அடுக்கிக்கொண்டே போனால், அது பாட்டுக்கு இடது பக்கம் உலாவிக்கொண்டிருக்கிறது. கடைசியில் மூன்று புலியும் ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, ரேஷன் கடை வரிசை மாதிரி.

சேலத்து டீலர் ஒருவர், பெரிய கை, இருநூறு கம்ப்யூட்டர் எடுப்பதாக இருந்தவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏனுங்க சென்னியப்பன், உங்க புலிக்கு வலது கண்ணு அவிஞ்சு போச்சுங்களா? மொதல்ல அதுக்குக் கண்ணாஸ்பத்திரி பாருங்க, அப்பறம் வாரேன்."

மொத்தக் கூட்டமும் சிரித்தது. முதலாளி முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "இன்ஜினியரே, இந்தப் புலி யாரு எழுதுனது?"

நான் பொய் சொல்லவில்லை. இன்று வரை அதில் எனக்கு உறுதி உண்டு. உள்ளதைச் சொன்னேன். "புலி மங்கையர்க்கரசி எழுதியதுங்க" என்றேன்.

சொல்லுங்கள், அதில் என்ன பொய்?

அவளை வரவழைத்தார்கள். பம்ப் ஏற்றுகிற டெம்போவில் வந்தாள். டீலர்கள் எல்லாம் நிற்கிறார்கள். அவள் கேசட்டைத் திரும்பப் போடச் சொன்னாள். மறுபடி நான்கு நிமிஷம் பிள்ளையார். பாட்டு முடியட்டும் என்று அவளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகப்புத் திரை வந்தது. அவள் விளையாடவே இல்லை. ஒரு ஆடுகூட வைக்கவில்லை. அந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்தாள் என்றால் பதில் சொல்லியிருப்பேன். அப்படியில்லை. கணக்கில் எந்த வரியில் பிசகினது என்று கண்டுபிடித்ததும் ஒருவர் முகம் ஆகுமே, அந்த மாதிரி. அவ்வளவுதானா, என்கிற மாதிரி.

"அம்மிணி, இது நீ எழுதுனதா?" என்றார் முதலாளி.

"புலி நான் எழுதுனதுதானுங்க" என்றாள்.

டெம்போவில் ஏறவில்லை, நடந்தே போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். சேலத்துக்காரர் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மார்ச் மாதம் முதலாளி அந்த அறையில் மறுபடியும் பம்ப் அடுக்கிவிட்டார். சுவரில் என் சாக்பீஸ் எழுத்து மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

ஒப்புக்கொண்டாள் அல்லவா? கூட்டத்துக்கு நடுவில், அவள் வாயாலேயே. நான் முப்பத்தெட்டு வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். என் வேலை நன்றாகத்தான் இருந்தது, அவள் புலிதான் காலை வாரிவிட்டது என்று. என் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வீட்டில் யாராவது ஒரு வேலையைக் கெடுத்தால், "மங்கையர்க்கரசி புலி" என்போம்.

ஜோலார்பேட்டையா அதற்குள்? சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள். நான் கொண்டு வந்திருக்கிறேன், இறங்கவில்லை.

இப்போது பேப்பரில் என்ன சொல்கிறாள் தெரியுமா? அந்தக் கண்காட்சிக்காரர்கள் அவள் நோட்டிலிருந்து எண்ணெல்லாம் திரும்ப ஏற்றி ஓட்டினார்களாம். புலி பிரமாதமாக ஆடுகிறதாம். எப்படி என்று கேட்டதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறாள். புலிக்கு இரண்டு பக்கமும் சமமாக வழி இருந்தால் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்ய ஏதாவது ஓர் எண் வேண்டும், ஒவ்வொரு முறையும் மாறுகிற எண். அதற்குத் தனியாக இடம் கிடையாது. ஆகவே ஏற்கெனவே நினைவகத்தில் இருந்த ஒரு வரியை எழுத்து எழுத்தாக எடுத்துக்கொண்டாளாம். இந்த எழுத்து வந்தால் இடது, அந்த எழுத்து வந்தால் வலது. எந்த வரி? முகப்புத் திரையில் அவள் பெயர் வரி!

தன் பெயரைப் புலிக்குள் வைத்திருக்கிறாள்! எழுத்தெல்லாம் இருந்தவரை அங்கும் இங்கும் போனது. பதினேழும் வெற்றிடம் ஆனதும், எல்லாம் ஒரே எண், எல்லாம் இடது.

கண்ணிவெடி. வேறு என்ன? அந்த வரியை நான் எடுப்பேன் என்று தெரிந்து, எடுத்தால் வெடிக்கிற மாதிரி வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? எத்தனை வரி இருந்தது, என் பெயரை எடுத்துக்கொண்டிருக்கலாமே? இருபத்திரண்டு எழுத்து! பேட்டியில் அதையும் கேட்டிருக்கிறார்கள், ஏன் உங்கள் பெயர் என்று. என்ன சொல்கிறாள் பாருங்கள். "சார் அவர் பெயரை நடுவில் நிறுத்துவதற்குத் தினமும் ஏதாவது மாற்றிக்கொண்டே இருப்பார். என் பெயரை யாரும் மாற்றப்போவதில்லை, அதனால் அதுதான் பத்திரம் என்று நினைத்தேன். ஒரு பைட் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்பது அவர் சொல்லிக்கொடுத்தது. நான் படித்த முதல் நல்ல பாடம் அது."

இது பாராட்டா? குத்தலா? நீங்களே சொல்லுங்கள். ஐந்து நாளாக இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். குத்தல் என்றால் எனக்குப் பதில் தெரியும். பாராட்டு என்றால் என்ன செய்வது?

அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? டீலர்களுக்கு நடுவில், "என் பெயரை எடுத்ததால்தான் கெட்டது, இவர்தான் எடுத்தார்" என்று. ஒரு வாக்கியம். அவள் கண்டுபிடித்துவிட்டாள், எனக்கு இப்போது தெரிகிறது, அந்தத் திரையைப் பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிட்டாள். சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்போம். சரியாகிப்போயிருக்கும். முப்பத்தெட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, இப்போது வந்து, யார் செய்தது என்பது முக்கியமில்லை என்கிறாள். இதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

கிடைத்துவிட்டதா கண்ணாடி? பேப்பரை ஏன் அப்படி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்க்கிறீர்கள்? ஆமாம், அதுதான் படம். அவள் நோட்டிலிருந்து எடுத்த திரை.

என் பெயரா?

இருக்கிறது. எங்கே இல்லை என்று சொன்னேன்? மேலே என் பெயர், கீழே அவள் பெயர். ஆனால் உற்றுப் பாருங்கள். பி.ஈ.க்குப் பிறகு இரண்டாவது புள்ளியையும் போட்டு வைத்திருக்கிறாள். நான் எடுத்த புள்ளி! இருபத்து மூன்று. ஒரு கட்டம் இடது பக்கம் தள்ளி நிற்கிறது. நடுவில் இல்லை. இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். இந்தத் திரையைச் சுவரில் பத்தடி உயரத்துக்குக் காட்டப்போகிறார்கள்.

காட்பாடி போய்விட்டது. கேளுங்கள். என் திட்டம் எளிமையானது. நாலு மணிக்குப் போவேன். பெட்டியைத் திறப்பேன். இந்த கேசட்டைப் போடுவேன். பிள்ளையார் பாட்டு நான்கு நிமிஷம், அதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். புலி வரும், மீசை வரும், கீழே ஒரே ஒரு பெயர், நட்ட நடுவில். எல்லோரும் பார்க்கட்டும். அவளும் முன்வரிசையில் இருப்பாள். பார்க்கட்டும்.

அதோடு நிறுத்திவிடலாமா? நிறுத்த விட மாட்டார்கள். விளையாடிக் காட்டுங்கள் என்பார்கள். வந்ததே விளையாடத்தானே.

உங்கள் மகள் வீடு வில்லிவாக்கம் என்றீர்கள். அவசரம் ஒன்றுமில்லையே? அப்படியென்றால் என்னோடு வாருங்கள். ஆட்டோவுக்கு நான் தருகிறேன். யாராவது முன்னால் வந்து ஆடு வைக்க வேண்டும். தெரியாதவர்களை விட முடியாது. அந்தப் பள்ளிக்கூடப் பெண் மாதிரி யாராவது இருப்பார்கள். நீங்கள் வந்து உட்காருங்கள். நிதானமாக, உங்கள் இஷ்டம் போல் விளையாடுங்கள். பதினைந்து ஆடும் உங்களுடையது.

வலது பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.